மூடுபனியில் பதில் சொன்ன கால்

மையாள் என்ற கருமந்தி சொன்னதைக் கிளையன் என்ற கடமான் பல வருடங்களாக நம்பவில்லை.

மலைமேல் ஒரு சோலைக்காடு. மரத்தின் மேலே கருமந்திகள், கீழே கடமான்கள். சிறுத்தைக்குப் பயந்து இரண்டு கூட்டமும் காவல் வேலையைப் பங்கு போட்டிருந்தன. பார்ப்பது மேலே இருப்பவர்கள் பொறுப்பு, மோப்பம் பிடிப்பது கீழே இருப்பவர்கள் பொறுப்பு. மூடுபனி இறங்கினால் மந்திகளுக்குக் கண் தெரியாது. அப்போது ஒரு மந்தி மேலிருந்து குரல் கொடுக்கும். சிறுத்தை வாடை இல்லையென்றால், கீழே ஒரு மான் முன்காலால் தரையை ஓங்கி மிதிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகே மந்திகள் தண்ணீருக்கு இறங்கும்.

ஒரு மூடுபனி நாளில் மையாள் குரல் கொடுத்தாள். மிதி கேட்டது. பிள்ளையை முன்னால் இறக்கிவிட்டாள். பிள்ளை திரும்பி வரவில்லை.

அழுதுகொண்டே அவள் மான்களிடம் வந்து, மிதி கேட்டதைச் சொல்லி, மிதித்தது யார் என்று கேட்டாள். மான்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று விடிந்ததுமே அவை அடுத்த சரிவுக்கு மேயப் போய்விட்டன. புறப்படும்போதே ஒரு பெண்மான், "மேலே இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோமா, அண்ணே?" என்று கேட்டிருந்தது. "அவங்களுக்கே தெரியும், நட" என்று சொல்லிவிட்டான் கிளையன்.

அதை அவன் மையாளிடம் சொல்லவில்லை. "நாங்க யாருமே அங்கே இல்லை. யார் மிதிச்சிருப்பா? உன் காதுல குளவி கூடு கட்டியிருக்கும்" என்றான். மற்ற மான்கள் சிரித்தன. மையாள் மரமேறினாள். அதன் பிறகும் குரலும் மிதியும் நடந்துகொண்டுதான் இருந்தன. பேச்சு மட்டும் நின்றுபோனது.

தனியாக அசைபோடும்போதெல்லாம் கிளையனுக்கு அந்த நினைப்பு வரும். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டவள் கதை கட்டுகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொள்வான். ஆனாலும் சரியாகத் தேறாது.

இந்த வருடம் ஒரு காலையில் மறுபடியும் மூடுபனி அடர்ந்தது. கூட்டத்தை அடுத்த சரிவுக்கு அனுப்பிவிட்டு, உதிர்ந்த நாவல்பழத்துக்காகக் கிளையன் மட்டும் திரும்பி வந்தான். இந்த முறையும் மேலே யாரிடமும் சொல்லவில்லை.

மேலே மையாள் குரல் கொடுத்தாள்.

கிளையன் தூக்கிய காலை இறக்குவதற்குள், எதிரே பெரணிப் புதருக்குள் மிதி கேட்டது.

அது அவனுடைய மிதிதான். அதே கனம், அதே வேகம். ஆனால் அவன் கால் இன்னும் அந்தரத்தில் இருந்தது.

மேலே இலைகள் சலசலத்தன. மையாளின் புதுப் பிள்ளை அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. காற்று லேசாகத் திரும்பியது. சிறுத்தை வாடை வந்தது.

"இறங்காதே!" என்று காடு அதிரக் கத்தினான் கிளையன்.

பிள்ளை மேலே பாய்ந்தது. பெரணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் நிமிர்ந்தது. வெகுநேரம் கழித்து அவன் அங்கே போய்ப் பார்த்தான். ஈர மண்ணில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்த பள்ளம் இருந்தது. குளம்பு பட்ட பள்ளம் இல்லை அது. அகலமான, மெத்தென்ற பாதத்தின் பள்ளம். பள்ளத்தின் அடியில் பல வருடத்துச் சருகுகள் மட்கிக் கிடந்தன.

மையாள் தாழ்ந்த கிளைக்கு வந்தாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

"சொன்னே. நான்தான் காது கொடுக்கலை. நாங்க சரிவு மாறினதையும் உன்கிட்ட சொல்லலை."

அவள் மூடுபனிக்குள் எதையோ உற்றுக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். கூட வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலும் கேட்காமலும் இருந்தால், அவர்களுக்குப் பதிலாக ஆபத்து பேசக் கற்றுக்கொள்ளும் என்பது கிளையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "நாங்க நம்பமாட்டோம்னு நீ எங்ககிட்ட சொல்லாமலே விட்டது இன்னும் என்னென்ன இருக்கு, மையாள்?"