ஒட்டு விழும் இடம்

"யாரை வெட்டறது மேடம்?"

காலையில் வந்ததும் வராததுமாக அருணகிரி இதைத்தான் கேட்டார். தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

நசீமா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டீ சொல்லட்டுமா சார்?"

"டீ கிடக்கட்டும் மேடம். யாரை வெட்டறதுன்னு சொல்லுங்க. இந்தக் கவலையில எனக்குத் தூக்கமே போச்சு."

நசீமா இன்னொரு வாய் டீ குடித்தார்.

வெட்டுவது என்றதும் பயந்துவிடாதீர்கள். கத்தி ரத்தம் எதுவும் இல்லை. எல்லாம் ஒரு போட்டோ சமாச்சாரம்.

இந்த அருணகிரி சென்னையில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரப் பலகை போட்டுப் பேர் வாங்கிய ஆள். மேம்பாலத்தில் ஏறினால் கழுத்து நிறைய நகையோடு ஒரு பெண் உங்களைப் பார்த்துச் சிரிப்பாள் பாருங்கள், அதெல்லாம் இவர் கைவரிசைதான். ஐம்பது வயது தாண்டியதும் அலுத்துவிட்டது. பாலம் இறங்குவதற்குள் ஜனங்கள் மறந்துபோகிற வேலையையே ஆயுசு முழுக்கச் செய்துவிட்டோமே என்று மனுஷனுக்கு ஒரு வேதனை. கடையை மூடிவிட்டு, அருங்காட்சியகங்களுக்குச் சுவர்ப்படம் வடிவமைக்கிற நசீமாவிடம் வந்து, "என்னைச் சேர்த்துக்குங்க, கத்துக்கறேன்" என்று நின்றார்.

நசீமாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதனால் என்ன, தெரிந்தவரிடம்தானே போய்க் கற்றுக்கொள்ள முடியும்?

சேர்ந்தார் சரி. ஆனால் ஒரு இடத்தில் நிலையாக இருக்கத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் தாளம் போடும். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இப்போது அவர்கள் இருந்தது மலையடிவாரத்தில் சிப்பாய்கள் தங்கிய ஒரு பழைய பாரக்ஸ். ஒரு படைப்பிரிவு அதைத் தன் வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தது. துப்பாக்கி, மெடல், கிழிந்த கொடி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. பாக்கி இருந்தது பெரிய கூடத்தின் பெரிய சுவர்.

அந்தச் சுவருக்குத்தான் அந்த போட்டோ.

இரண்டாம் உலகப்போரின்போது இந்தப் படைப்பிரிவு பர்மாச் சண்டைக்குக் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் வைத்து எடுத்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். முதல் வரிசை தரையில், நடு வரிசை நின்றபடி, பின் வரிசை பெஞ்சுமேல் ஏறி நின்றபடி. எல்லாம் பையன்கள். மீசை சரியாக முளைக்காதவன்கூட இருந்தான்.

அதில் ஒருத்தனும் திரும்பி வரவில்லை.

அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். அவ்வளவு அகலத்துக்கு அச்சடிக்க மெஷின் கிடையாது. கதவு அகலத்துக்குத் துண்டு துண்டாக ஸ்டிக்கரில் அடித்து, ஒன்றின் ஓரத்தின் மேல் அடுத்ததன் ஓரத்தை ஏற்றி ஒட்டுவார்கள். சேருகிற இடத்துக்கு ஜாயிண்ட் என்று பேர். புதிதில் தெரியாது. ஒரு கோடை போனால் ஸ்டிக்கர் சுருங்கும், ஓரத்தில் தூசி ஏறும். அப்புறம் மேலிருந்து கீழே ஒரு கோடு நன்றாகத் தெரியும்.

மற்ற ஜாயிண்டெல்லாம் சமர்த்தாகத் தூணிலும் ரயில் பெட்டியிலும் விழுந்துவிட்டன. நடுவில் ஒன்றுதான் படுத்தியது. முன் வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே விட்டால், பின்னால் நிற்பவன் முகத்தில் விழும். அவனைத் தப்பவிட்டால் பெஞ்சுமேல் நிற்பவன் மாட்டுவான். எங்கே தள்ளினாலும் யாரோ ஒருத்தன் முகம் இரண்டாகும்.

திறப்பு விழாவுக்கு இவர்களுடைய குடும்பங்கள் வருகின்றன. பேரன், பேத்தி, தம்பி மகன் என்று ஊர் ஊராகத் தேடிப் பிடித்திருந்தது படைப்பிரிவு. அவர்கள் முன்னால் யார் முகத்தில் கோடு போடுவது? இதுதான் அருணகிரியின் தூக்கத்தைக் கெடுத்தது.

"வளைச்சு வளைச்சு வெட்டிடலாமா மேடம்? தோளை ஒட்டி, காதை ஒட்டி..."

"வளைவுதான் சார் முதல்ல உரியும். காதோட வரும்."

"படத்தையே கொஞ்சம் சின்னதாக்கினா?"

"அப்ப வேற ஆள் மேல விழும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"நீங்கதான சார் பண்ணணும்" என்றார் நசீமா.

அருணகிரிக்குச் சுருக்கென்றது. போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுது மேடம்! யாருக்கும் சேதாரம் இல்ல. வந்து பாருங்க."

நசீமா வந்து பார்த்தார். ஜாயிண்ட் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. எந்த முகத்தையும் தொடவில்லை.

"எப்படி?"

"சிம்பிள் மேடம். இந்தப் பக்கத்து ஆளுங்களை இப்படிக் கொஞ்சம், அந்தப் பக்கத்து ஆளுங்களை அப்படிக் கொஞ்சம் நகர்த்திட்டேன். நடுவுல பின்னாடி இருந்த ஸ்டேஷன் சுவரை நிரப்பிட்டேன். சத்தியமா யாருக்கும் தெரியாது. நகைக்கடைக்கு இதைத்தான தினமும் பண்ணினேன்?"

நசீமா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அருணகிரியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

நசீமா திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் கை யாரோடது சார்?"

அருணகிரி பார்த்தார். நடு வரிசையில் ஒரு பையன் தோள்மேல் நாலு விரல் இருந்தது. விரல் மட்டும்தான். அதற்குப் பின்னால் மணிக்கட்டு இல்லை, ஆளும் இல்லை. பக்கத்தில் நின்று தோளில் கை போட்டிருந்தவனை இவர் நகர்த்திவிட்டார். விரல்கள் மட்டும் வராமல் அங்கேயே நின்றுவிட்டன.

"அழிச்சிடறேன் மேடம். ரெண்டு நிமிஷ வேலை."

நசீமா விரலை எடுக்கவில்லை.

அருணகிரி மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ரயில் கிளம்பப்போகிற நேரத்தில் சிநேகிதன் தோளில் போட்ட கை. அதையா அழிப்பது?

நகர்த்திய எல்லோரையும் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

மறுநாள் அவர் கேள்வி கேட்கவில்லை. முடிவோடு வந்தார்.

"இவன் மேல போடறேன் மேடம்."

நடு வரிசையில் ஒல்லியாக ஒருத்தன். தோளில் நாலு விரல் இருந்ததே, அவன்தான். எல்லோரும் கேமராவைப் பார்க்க, இவன் மட்டும் கொஞ்சம் விலகிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் இவர்?"

"படைப்பிரிவு கொடுத்த லிஸ்ட்ல மத்த எல்லார் பேரும் இருக்கு. இவன் ஒருத்தனுக்குத்தான் 'பெயர் தெரியவில்லை'ன்னு போட்டிருக்கு. பேரே தெரியாதவனுக்குக் குடும்பத்தை எங்க போய்த் தேடறது? இவனுக்குன்னு விழாவுக்கு ஒருத்தரும் வரப்போறதில்ல. யார் மனசும் நோகாது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நசீமா சோப்புத் தண்ணீர் பாட்டிலையும் ஸ்டிக்கரைத் தேய்க்கிற ரப்பர் பட்டையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப அந்த ஜாயிண்டை நீங்களே ஒட்டுங்க."

"நானா? ஒட்டறதுக்குத்தான் ஆளுங்க வந்திருக்காங்களே!"

"அவங்க மத்ததை ஒட்டட்டும்."

முதல் துண்டு லேசாக ஏறிவிட்டது. தண்ணீர் அடித்து, மேலிருந்து கீழே பட்டையால் தேய்த்து, குமிழி எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளினார். வேலை சுத்தம்.

ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தார். சுவரில் அரை முகம் இருந்தது. ஒரு கண், அரை மூக்கு, அரை வாய்.

அவருக்கு என்னவோ போலிருந்தது. அவசரமாக அடுத்த துண்டை எடுத்தார்.

அதுதான் பெரும்பாடு. ஒரு நூல் தள்ளினால் பையனுக்கு மாறுகண். ஒரு நூல் இறங்கினால் வாய் கோணல். சுவரோ பழைய சுவர், நேராக இல்லை. மேலே சரி பண்ணினால் கீழே ஓடியது. கீழே பிடித்தால் மேலே சுருங்கியது. உரித்தார், தண்ணீர் அடித்தார், ஒட்டினார், மறுபடி உரித்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"அய்யய்யோ, கோணிக்கிச்சு! பாருங்க மேடம், இவன் பேந்தப் பேந்த முழிக்கிறான்!"

நசீமா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பரவால்ல சார். இவருக்குத்தான் யாரும் வரப்போறதில்லையே. விட்டுருங்க."

அருணகிரிக்கு வந்ததே கோபம்!

"என்ன பேச்சு மேடம் இது? எப்படி விடறது? ஒரு கண்ணு இங்க, ஒரு கண்ணு அங்கன்னு விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான? வாழவேண்டிய பையன் மேடம்!"

சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒட்டுகிற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நசீமா ஏணி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அருணகிரி மறுபடி உரித்தார்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதலில் கண்ணைக் கண்ணோடு சேர்த்தார். மூக்கைப் பார்த்தார். காதுக்குக் கீழே ஒரு அம்மைத் தழும்பு இருந்தது. அதுவரைக்கும் அது அவர் கண்ணில் படவேயில்லை. காலர் பட்டன் ஒன்று போடாமல் இருந்தது. போட மறந்திருப்பான், இல்லை அறுந்திருக்கும். உதட்டோரத்தில் சிரிப்பா பயமா என்று சொல்ல முடியாத ஒன்று இருந்தது. அது பாதி இந்தத் துண்டில், பாதி அந்தத் துண்டில். அதைச் சேர்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

சேர்ந்தது.

அருணகிரி ஏணியைவிட்டு இறங்கவில்லை. முகத்துக்கு முகம் நின்றுகொண்டிருந்தார். அவர் கால் ஆடவில்லை.

"மேடம், இவன் பேரு என்னவா இருக்கும்?"

"கேட்டுப் பாருங்க சார்."

அருணகிரி சிரிக்கவில்லை. உண்மையாகவே உதட்டை அசைத்து ஏதோ கேட்ட மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் சாமான்களைக் கட்டும்போது பழைய அருணகிரி திரும்பி வந்துவிட்டார்.

"மேடம், இன்னும் டைம் இருக்கு. இந்த ரெண்டு துண்டையும் புதுசா அடிச்சு மாத்திடலாம். ஒரு கோடை போனா இவன் முகத்துல கோடு விழுந்துடும் மேடம். வேற ஆள்மேல போட்டுடறேன்."

"தாராளமா. யார் மேல?"

அருணகிரி சுவரைப் பார்த்தார். முதல் வரிசையைப் பார்த்தார். பெஞ்சுமேல் நின்றவர்களைப் பார்த்தார். மீசை முளைக்காதவனைப் பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திறப்பு விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. கர்னல் ரிப்பன் வெட்டினார், இரண்டு வார்த்தை பேசினார். பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் குடும்பங்கள் சுவர் முன்னால் கூடி, "இதோ எங்க தாத்தா!", "எங்க பெரியப்பா நம்ம குமார் ஜாடை இல்ல?" என்று போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜாயிண்டை ஒருத்தரும் கவனிக்கவில்லை. கைதட்டல் வேறு. நசீமாவைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

அருணகிரி கடைசியில் கதவோரம் நின்றார். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லோர் முன்னாலும் கூட்டம் இருந்தது. நடு வரிசையில் ஒல்லியாக நின்றவன் முன்னால் மட்டும் ஆளே இல்லை. கூட்டத்திலிருந்து ஒருத்தர் வந்து அவன்மேல் சாய்ந்துகொண்டு போன் பேசினார். அருணகிரி போய் அவரை நகர்த்திவிட்டு வந்தார்.

அப்புறம் பொன்னையா என்ற ஓய்வு பெற்ற சுபேதார் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். அந்தப் படைப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டாம். இறந்தவர்களை நினைக்கிறபோதெல்லாம் வருகைப் பதிவு எடுப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் அந்த வீட்டார் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடுத்த பெயர்.

சுபேதார் படத்தில் நின்ற வரிசைப்படியே கூப்பிட்டார்.

"சவரிமுத்து."

"வந்திருக்கோம்" என்றது ஒரு குடும்பம்.

"அங்கமுத்து."

"வந்திருக்கோம்."

"அப்துல் கபூர்."

"வந்திருக்கோம்."

முதல் வரிசை முடிந்தது. நடு வரிசை பாதி வந்தது.

சுபேதார் ஒரு நொடி நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடு வரிசை. பெயர் தெரியவில்லை."

யாரோ ஒரு குழந்தையைச் சத்தம் போடாதே என்று அடக்கினார்கள். சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வழக்கம் வழக்கம்தான். சுபேதார் அடுத்த பெயருக்குப் போகவில்லை. நேரே பார்த்தபடி மறுபடி கூப்பிட்டார்.

"நடு வரிசை. பெயர் தெரியவில்லை."

அருணகிரி நசீமாவைப் பார்த்தார். நசீமா இவர் பக்கம் திரும்பவே இல்லை.

கதவோரத்திலிருந்து அருணகிரி ஒரு அடி முன்னால் வந்தார்.

"வந்திருக்கேன்" என்றார்.

சுபேதார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.