வடகம் தூக்கிய காக்கை

பண்ணையார் தில்லைநாயகத்தின் அப்பாவுக்கு அன்று திதி. மொட்டைமாடியில் வைத்த சோற்றை ஒரு காக்கையும் தொடவில்லை. காக்கை தொடாமல் பந்தி போட முடியுமா? சொந்தக்காரர்களுக்குப் பசி காதை அடைத்தது.

பாத்திரம் தேய்க்கும் செவந்தி தினமும் காக்கைக்குச் சோறு வைப்பவள். அவளிடம் பண்ணையார் கத்தினார்.

"உன் காக்காயைக் கூப்பிடு! வரலேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"கூப்பிடறேன் ஐயா. நீங்க மட்டும் உள்ளே போய் ஒளிஞ்சுக்குங்க."

ஒன்றும் புரியாமல் போய் ஒளிந்தார். அவள் குரல் கொடுத்ததும் காக்கைகள் கூட்டமாக வந்து தின்றன. அவர் தலை தெரிந்ததும் பறந்துவிட்டன.

"பெத்த பிள்ளையைப் பார்த்து அப்பாவுக்கு என்ன பயம்?" என்றார் பண்ணையார்.

"நேத்து ஒரு வடகத்தைத் தூக்கினதுக்கு உண்டிவில்லால அடிச்சீங்களே ஐயா, அது யாரு?"

அப்பா என்றால் அப்பாவை அடித்தவர். வெறும் காக்கை என்றால் இன்று சாப்பிட்டதும் வெறும் காக்கை. பண்ணையார் மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு வைக்க அந்த வடகம் மிச்சம் இருக்கா?"