முப்பத்தாறு பைட்

சவரிமுத்துவுக்கு சி என்ற கணினி மொழியைக் கற்றுக்கொடுத்தவர் மங்கையர்க்கரசி. வயதில் அவரைவிட ஆறு வருடம் இளையவர். மருத்துவமனைக் கருவிகளுக்கு நிரல் எழுதும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருவருக்கும் வேலை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு படுக்கையருகிலும் இருக்கும் கருவி, நர்ஸ் மேசையில் உள்ள திரைக்குத் தகவல் அனுப்பும். அந்தத் தகவலில் படுக்கை எண்ணுக்கு ஒரு பைட் இடம், நோயாளியின் ஆக்சிஜன் அளவுக்கு நான்கு பைட். நடுவில் மூன்று பைட் காலி. ஆக்சிஜன் அளவு நான்கால் வகுபடும் எண்ணுள்ள இடத்தில் தொடங்கட்டும் என்று, நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலரே விடுகிற இடைவெளி அது.

சவரிமுத்து அந்த இடைவெளியை எடுத்துவிட்டு நெருக்கி அடைத்தார். பன்னிரண்டு படுக்கைக்குச் சேர்த்து முப்பத்தாறு பைட் மிச்சம்.

திரையின் நிரலை யாரும் மாற்றவில்லை. ஆக்சிஜன் அளவை அது பழைய இடத்திலேயே தேடிப் படித்தது. புதிய நிரல் ஏறிய முதல் அரை மணி நேரம், திரையில் தப்பான பெரிய எண்கள் ஓடின. எண் குறைந்தால்தான் அலாரம் அடிக்கும். ஏழாம் படுக்கையில் இருந்த மாரண்ணன் என்ற நோயாளி மூச்சுத் திணறியபோது அது அடிக்கவில்லை. அவர் இறந்துபோனார்.

பத்து நாள் கழித்து சவரிமுத்து கேட்டார்.

“காலி இடந்தானே மேடம். அதுல ஒண்ணுமே இல்லையே. அத எடுத்ததுக்கு எப்படி ஒரு ஆள் செத்தாரு?”

மங்கையர்க்கரசி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“வாங்க.”

மதியம் பஸ் பிடித்துப் பள்ளிபாளையம் போனார்கள். மாரண்ணனின் மனைவி குருவம்மாள் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் மோட்டாரை நிறுத்தினார்.

“ஆஸ்பத்திரில இருந்த அந்த மிஷினுக்கு புரோகிராம் எழுதினது நாங்கதாங்க” என்றார் மங்கையர்க்கரசி. “என்ன நடந்துச்சுன்னு இவர் சொல்வார்.”

சவரிமுத்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குருவம்மாள் கேட்டார்.

“அந்த எடத்துல என்னங்க இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லீங்க. காலி.”

“அதனால யாருக்காச்சும் தொந்தரவுங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குங்க எடுத்தீங்க?”



குருவம்மாள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். அங்கே சவரிமுத்து கேட்டார்.

“அவங்க கேட்டதுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும் மேடம்?”

மங்கையர்க்கரசி அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க மாத்தினது சரின்னு கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கேள்விய அன்னிக்கு நான் கேட்டிருக்கணும்.”