நீளமான மூலைவிட்டம்

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த குழந்தைவேலுவுக்கு, சந்நியாசம் வாங்கியே தீருவது என்று ஒரே பிடிவாதம். துணியை ஒரு விரற்கடை கூடவோ குறையவோ கிழித்தறியாத மனிதர். அதற்காக அவர் தேடிவந்த மடத்தின் குரு சிவகாமி அம்மையோ வயதில் அவருக்கு இளையவர்.

"வீட்டுல யாருக்கும் நான் குறை வைக்கலீங்கம்மா. பொண்டாட்டி, மகன், மகள், எல்லாருக்கும் அளந்து அளந்து செஞ்சேன். இருந்தும் வீடு வீடா இல்லீங்க. இனிச் சரிப்படாது. காவி குடுத்துருங்க."

"மாட்டுக் கொட்டகைக்குக் கதவு இல்லீங்க. முதல்ல அதைச் செஞ்சு குடுங்க" என்றார் குரு.

குழந்தைவேலு நாலு சட்டம் அறுத்தார். மேலும் கீழும் ஒரே அளவு. இடமும் வலமும் ஒரே அளவு. ஆணி அடித்துத் தூக்கி நிறுத்தினால், வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்றது கதவு. திருப்பி வைத்தார், புரட்டி வைத்தார். எதற்கும் மசியவில்லை. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாட்டுக் கதவுகூட வாய்க்காத ஜன்மம்! ரம்பத்தை எடுத்தார்.

குரு தடுத்தார். "எதை அறுக்கப் போறீங்க?"

"இடிக்கிற பக்கத்தைங்க."

"அளந்து பாத்தீங்களா?"

"நாலு பக்கமும் சரியாத்தான் இருக்குதுங்க. அதுதானே வயித்தெரிச்சல்!"

"மூலைக்கு மூலை?"

அதை அவர் அளக்கவில்லை. கயிறு பிடித்துப் பார்த்தார். ஒரு மூலைவிட்டம் நீளம், மற்றது குட்டை. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து இணைகரமாகக் கிடந்தது.

நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் குரு கயிற்றைக் கட்டினார். நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். சட்டங்கள் முனகின. தூரத்து மூலைகள் இரண்டும் நெருங்கி வந்தன. குட்டையாக இருந்தது யாரும் தொடாமலே நீண்டது. இரண்டும் சமமானதும் குறுக்கே ஒரு பட்டையை அடித்தார். கதவு சமர்த்தாக வாசலில் உட்கார்ந்தது.

குழந்தைவேலு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது. "ஒரு சட்டத்தைக்கூட அறுக்க வேண்டியதில்லீங்களே!"

"உங்க வீட்டுல, உங்களுக்கு ரொம்பத் தூரத்து மூலையில யார் இருக்காங்க?"

சிரிப்பு நின்றது.

"மகளுங்க. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டுத் தாராபுரம் போயிட்டா. பேசி மூணு வருசமாச்சு. சீரெல்லாம் ஒண்ணு விடாம அனுப்பிட்டேனுங்க... ஆள் மூலமா."

குரு கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"அப்ப, காவிங்கம்மா?"

"தாராபுரம் பஸ் நாலு மணிக்கு நம்ம வாசல்லயே நிக்கும்ங்க. ராச்சாப்பாட்டுக்கு மக வீட்டுக்குப் போயிரலாம்."