இன்ஜினுக்குத் திருநீறு ஊட்டிய திருமேனியார்

நாகைக்கு வடக்கே மணற்பாக்கம் என்னும் மீனவர் குப்பத்தில், கரைமேலழகி அம்மன் கோயில் வாசலைக் கூட்டுகின்ற திருப்பணி திருமேனியாருடையது. அது யாரும் அவருக்குக் கொடுத்த பணியன்று. யாரும் வந்து பிடுங்கிக்கொள்ளக்கூடிய பணியுமன்று. மீன் செதிளும், அறுந்த நைலான் நூலும், நாய் இழுத்துவந்து போட்ட நண்டு ஓடும் கலந்து கிடக்கும் அந்த வாசலை விடியுமுன்னே கூட்டித் தண்ணீர் தெளிப்பார். ஒரு விளக்கேற்றுவார். கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு உள்ளங்கை நிறையத் திருநீறு எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். ஒரு சிட்டிகை தமக்கு, மிச்சம் படகுக்கு.

அது ஒரு பழைய ஃபைபர் படகு. பாதி அவருடையது, மறுபாதி அவர் மனைவி மலர்க்கொடியின் தம்பி காத்தலிங்கத்துடையது. அதன் டீசல் இன்ஜினைத் திருமேனியார் வெறும் இன்ஜினாக ஒருநாளும் நினைத்ததில்லை. முகத்துவாரத்து அலையைத் தாண்டித் தம்மை நாள்தோறும் உயிரோடு வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது எதுவோ, அது அம்மனே என்று எண்ணினார். "அம்மன் பொகை வுடுவாளா?" என்று ஒருவன் கேலி பேசியபோது, "சாம்பிராணி போட்டா வுடமாட்டாளா?" என்று கேட்டார்.

ஆவணி மாதத்தில் இன்ஜின் இருமத் தொடங்கியது.

குழந்தைக்கு நெஞ்சுச்சளி என்றால் நெற்றியில் திருநீறு பூசி, ஒரு சிட்டிகையை நாக்கிலும் போடுவது மணற்பாக்கத்து வழக்கம். இன்ஜினின் நெற்றியில் திருமேனியார் நெடுங்காலமாகப் பூசி வந்தார். அதற்கு நாக்கு எங்கே இருக்கிறதென்று அதுவரை யோசித்ததில்லை. யோசித்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தார். அன்று தொடங்கி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், யாரும் காணாதபோது மூன்று விரல் கூட்டி அள்ளி அந்த வாயில் ஊட்டினார். நடுவில் இரண்டு நாள் இருமல் குறைந்தாற்போலிருந்தது. அந்த மகிழ்ச்சியில் சிட்டிகையைப் பிடியாக்கினார்.

நாற்பத்தெட்டாம் நாள், கரையிலிருந்து நாலு மைல் தள்ளி, இன்ஜின் ஒருமுறை வீறிட்டுச் சித்தியடைந்தது.

இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்தது. இழுத்துவரப்படும் படகில் உட்கார்ந்திருப்பவருக்குத் தம் கைகளை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. திருமேனியார் அவற்றை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு, கரையில் நின்ற கூட்டத்தைப் பார்க்காமல், கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் ஜபருல்லா பாய் மறுநாள் வந்து இன்ஜினின் அடியில் ஒரு தகரச் சட்டியை வைத்து ஆயிலை இறக்கினார். அது இறங்கவில்லை, கீழே விழுந்தது.

"ஏண்ணே, இது ஆயிலா, கேப்பக்கூழா?" என்றார் பாய். இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "நறநறங்குது. பிஸ்டன் போச்சி, லைனர் போச்சி, பேரிங் எல்லாம் போச்சி. உள்ள என்னத்தக் கொட்டுனீங்க?"

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே மனிதர் அங்கேயே நின்றிருந்தார். வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் காத்தலிங்கம் முந்திக்கொண்டான்.

"நாங்க என்னத்தக் கொட்டுனோம்? ஆயிலு யாருகிட்ட வாங்குனதுன்னு கேளுங்க பாய். எல்லாம் செண்பகத்துகிட்டதான். அவதான் கலந்துட்டா!"

செண்பகம் கணவனை இழந்தவள். கரையோரத்துக் கொட்டகையில் டீசல் கேனும் சில்லறை ஆயிலும் வைத்து விற்றுவந்தாள். அளவில் ஒரு சொட்டுக் குறைந்ததாகக்கூட அதுவரை எவரும் சொன்னதில்லை. ஆனால் அன்று சுற்றி நின்றவர்கள் திருமேனியாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சும்மா இருந்தார். கோயில் வாசலைக் கூட்டுகிறவர் மறுக்காத ஒன்று பொய்யாக இருக்க முடியாது என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

ஏன் பேசவில்லை என்பதற்கு அடியார் தமக்குத்தாமே சில காரணங்கள் சொல்லிக்கொண்டார். சொன்னால் அம்மனின் திருநீற்றைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்பது முதலாவது. காத்தலிங்கம் படகைப் பிரித்துக் கேட்பான் என்பது இரண்டாவது. வெட்கமாயிருந்தது என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் முதலாவது என்பது அவருக்குத் தெரியும்.

பழுது பார்த்ததற்கு நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் ஆயிற்று. "முழுசும் நானே கட்டிடுறேன் மாப்ள" என்றார் திருமேனியார். அதைக் கேட்டுக் காத்தலிங்கத்தின் கண்கள் கலங்கின. பாதிப் பணம் மிச்சமானால் எவருடைய கண்ணும் கலங்கும். "எங்க மாமா மாதிரி ஒரு மனுசன் இந்தக் கரையில இல்ல" என்று அவன் அன்று மாலைக்குள் ஊர் முழுதும் சொல்லி முடித்தான்.

அடியார் தமக்கென்றிருந்த நண்டு வலையை விற்றார். தாம் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய பையன்களின் படகுகளில் கூலிக்குப் போய்த் தண்ணீர் இறைத்தார். "என்ன பெரியப்பா, அம்மன் பிஸ்டன் வாங்கித் தரலியா?" என்று அவர்கள் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்து இறைத்தார். கேலி அவருக்கு இதமாக இருந்தது. உண்மையைவிட எவ்வளவோ மேல்.

அம்மன்மீது அவருக்கு எள்ளளவும் ஐயம் எழவில்லை. 'நீ ஏற்றுக்கொண்டாய் தாயே, இன்ஜின்தான் ஏற்கவில்லை' என்று தெளிந்திருந்தார். ஆனால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அதனால் கருவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து கூட்டத் தொடங்கினார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். "பாருய்யா, சாமியோட வெளிச்சம் கண்ணு கூசுதாம்" என்றார்கள். இரண்டு கிழவர்கள் தாமும் அவ்வாறே நடந்து பார்த்து, ஒருவர் விழுந்தார்.

இப்படி அவர் குறுகக் குறுக அவர் புகழ் பெருகிற்று. செண்பகத்தின் கொட்டகையில் கேன்கள் அடுக்கிய வாக்கில் நின்றன. படகுக்காரர்கள் இரண்டு மைல் நடந்து ரோட்டோரத்தில் டீசல் வாங்கிவந்தார்கள்.

ஒருநாள் காலையில் அவள் கோயில் வாசலுக்கே வந்து விட்டாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. பத்து வருசமா எங்கிட்டதான் வாங்குறீங்க. நான் கலந்திருப்பனா?"

திருமேனியார் விளக்குமாற்றைப் பார்த்தார். "அம்மனுக்குத் தெரியும்மா" என்றார்.

"அம்மனுக்குத் தெரிஞ்சி என்ன செய்ய? எங்கிட்ட வாங்குறது அம்மன் இல்லியே, ஊருல்ல" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று வீட்டில் மலர்க்கொடி சோற்றை அவர் முன்னால் வைத்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் திருநீற்றுச் சம்புடம் ஒன்றரை மாதத்தில் நான்கு முறை காலியானதை அவள் மட்டுமே அறிவாள். "செண்பகம் வூட்டுல ரெண்டு நாளா அடுப்பு எரியல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடியார் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து மலர்க்கொடி ஓர் ஆளுக்குச் சோறு கூடுதலாக வடித்துச் செண்பகம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். தூக்குச்சட்டி ஒவ்வொரு நாளும் தம்மைக் கடந்து போவதைத் திருமேனியார் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் தண்ணீர் இறைப்பதைவிட அது கடினமாயிருந்தது.

மாசி மகம் வந்தது. அம்மன் கடலாடப் புறப்படும் நாள். புறப்பாட்டுக்கு முன் ஊர்ப் பஞ்சாயத்துக் கோயில் வாசலில் கூடியது. தலைவர் இரண்டு தீர்மானங்களைச் சொன்னார். இத்தனை இழப்பிலும் நம்பிக்கை தளராத திருமேனிக்கு இவ்வாண்டு பரிவட்டம் கட்டுவது ஒன்று. அம்மன் சாற்றிய பட்டுத் துணியைத் தலையில் கட்டும் அந்த மரியாதை, கூலிக்குத் தண்ணீர் இறைக்கும் எவருக்கும் அதுவரை கிடைத்ததில்லை. கலப்படம் செய்த செண்பகத்தின் கொட்டகையை மூடுவது மற்றொன்று. ஊர் இரண்டுக்கும் ஒரே குரலில் சரியென்றது. செண்பகம் தூணோரம் நின்றாள்.

பரிவட்டம் கட்டுமுன் அம்மனிடம் உத்தரவு கேட்பது மரபு. பூசாரி ஒரு செவ்வரளிப் பூவை அம்மனின் வலத்தோளில் வைத்தார். அது தானாக விழுந்தால் சம்மதம். எப்போதும் இரண்டு அடி உடுக்கைக்குள் விழுந்துவிடும்.

விழவில்லை. உடுக்கைக்காரர் வேகத்தைக் கூட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். கற்பூரம் இரண்டு முறை எரிந்து அணைந்தது. பூசாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "தாயி, ஒம் புள்ளதானே நிக்குறான், உத்தரவு குடு" என்றார். பூ அசையவில்லை.

"காத்து இல்ல, அதான்" என்று காத்தலிங்கம் விளக்கினான்.

திருமேனியார் நான்கு மாதங்களில் முதன்முறையாக அம்மனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பூ வுழாது" என்றார். "ஆயில்ல கலந்தது செண்பகம் இல்ல. நான்."

உடுக்கை நின்றது. "நீ என்னத்தக் கலந்த?" என்றார் தலைவர்.

"திருநீறு."

"எதுல?"

"இஞ்சினு வாயில. இருமுச்சி. அதான் ஊட்டுனேன்."

"எத்தினி நாளு?"

"ஒரு மண்டலம்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஜபருல்லா பாயின் குரல் எழுந்தது: "யா அல்லா! நான் சிமெண்டுன்னுல்ல நெனச்சேன்!"

ஊர் சிரித்தது. தலைவர் சிரித்தார். உடுக்கைக்காரர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். குலவையிட்ட பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கடல் ஏறிவந்த ஆண்டுக்குப் பிறகு மணற்பாக்கம் அவ்வளவு சிரித்ததில்லை. எந்தச் சிரிப்புக்கு அஞ்சி அடியார் வாயை மூடியிருந்தாரோ, அது முழுவதும், ஒரு துளி சிந்தாமல், அவர்மீது வந்து விழுந்தது. அவர் அங்கேயே நின்றார். காத்தலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லவேள மாமா, முழுப் பணத்தையும் நீங்களே கட்டிட்டீங்க" என்றான்.

செண்பகமும் சிரிக்கவில்லை. அவள் தூணைவிட்டு வந்து அவர்முன் நின்றாள்.

"அன்னிக்கி எம் மொகத்தப் பாத்து, அம்மனுக்குத் தெரியும்னியே. ஒனக்குத் தெரியாதாய்யா?"

"தெரியும்" என்றார் திருமேனியார்.

"தெரிஞ்சிமா நின்ன?"

"தெரிஞ்சிதான் நின்னேன்." இதைப்பற்றி அவளிடம் அம்மன் பெயரைச் சேர்த்துக்கொள்ளாமல் அவர் பேசிய முதற்பேச்சு அது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்தார். கொட்டகை விவகாரம் தள்ளுபடி என்றார். பரிவட்டத்தை மடித்து உள்ளே வைக்கச் சொன்னார். இந்த ஆண்டு யாருக்கும் கட்ட வேண்டாம். நேரமாகிறது, அம்மனைத் தூக்குங்கள் என்றார். பல்லக்குத் தூக்குகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை இடுப்பில் இறுக்கினார்கள்.

செண்பகம் திருமேனியாரைக் கடந்து கருவறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் முழுதும் திருமேனியாரின் வாயைப் பார்த்த நேரத்தில் அம்மனைப் பார்த்த கண்கள் அவளுடையவை மட்டுமே. அவள் கண்டதை வேறெவரும் காணவில்லை. அவள் பேசாதிருந்தால் கேட்பதற்கும் ஆளில்லை. பேசாதிருப்பது எப்படியென்று நான்கு மாதமாக அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிரிலேயே நின்றார்.

"பூசாரி" என்றாள். "பூ வுழுந்து கெடக்கு."

எல்லாரும் திரும்பினார்கள். செவ்வரளி அம்மனின் காலடியில் கிடந்தது.

"நீங்க சிரிச்ச அதிர்வுல வுழுந்திருக்கும்" என்றான் காத்தலிங்கம்.

"இல்ல. சிரிப்புக்கு மின்னாடியே வுழுந்துச்சி. நாந்தான்னு இந்த மனுசன் வாயத் தொறந்தான் பாரு, அப்ப. நான் பாத்தேன்." பிறகு தலைவரைப் பார்த்து, "எனக்குப் பொய் சொல்லி என்னா ஆவப்போவுது? இந்தாளுக்காக நான் ஏன் சொல்லணும்?" என்றாள்.

அவளைவிடச் சிறந்த சாட்சி அம்மனுக்கும் கிடைத்திருக்காது.

பூசாரி மடித்து வைத்த பட்டை மறுபடி பிரித்தார். திருமேனியார் கைகூப்பிப் பின்வாங்கினார். "எனக்கு வேணாம், அது செண்பகத்துக்கு" என்றார்.

"ஐயே, எனக்கெதுக்குத் துணி? நாளைலேந்து கொட்டாய்க்கு வந்து டீசலு வாங்குங்க, போதும்" என்றாள் செண்பகம். "கட்டிக்க. அவ குடுத்தத வேணாம்னு சொல்ல நீ யாரு?"

திருமேனியார் நல்ல உயரம், பூசாரி குள்ளர். அடியார் பழையபடி நிமிர்ந்து நின்றிருந்தால் அந்தப் பட்டு அவர் காதளவில் நின்றிருக்கும். அன்று வெட்கம் அவரைத் தரைவரை வளைத்திருந்தபடியால் பூசாரி சிரமமேயின்றிக் கட்டி முடித்தார். குனிந்த அத்தலையோடு அவர் அம்மனின் பல்லக்கைப் பின்தொடர்ந்து கடலுக்கு நடந்தார். வழிநெடுகச் சிரிப்பும் கூடவே நடந்தது.

தம் பிழையைத் தம் வாயால் சொல்லி, பூ விழுமுன்னே தாம் விழுந்த திருமேனியாரின் திருவடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.