தூக்குப்போசி

அமாவாசைப் பூசைக்கு மடத்துக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, உண்மையிலேயே சென்னியப்பன் மடத்துக்கு வந்து சேர்ந்தது அந்த ஆண்டில் அன்றுதான். மற்ற அமாவாசைகளில் அவன் போன இடம் வேறு. சந்தைப்பேட்டையில் அவனுக்கு ஒருத்தி இருந்தாள். அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் வீட்டில் இருக்கிறவளைப் பற்றித்தான்.

சாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமீ, என் பொண்டாட்டி சரியில்லீங்க."

"என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. அதுதான் சந்தேகமா இருக்குது."

சாமியார் தலை தூக்கவில்லை.

"முன்னெல்லாம் எங்க போனீங்க, எங்க போனீங்கன்னு உசுரை எடுப்பா. அழுவா. மடத்துல பூசைன்னு சொல்லி வாயை அடைப்பேன். இப்ப மூணு மாசமா ஒரு வார்த்தை கேக்கறதில்லீங்க. சோறு போடறா. பாட்டு முணுமுணுக்கறா. படுத்தா அடிச்சுப்போட்டாப்பல தூங்கறா."

"தூங்கறது தப்பா?"

"மனசுல வேற ஆள் இல்லாம அப்படித் தூக்கம் வருங்களா?"

அவன் சும்மா வந்துவிடவில்லை. மூன்று மாதமாக வேவு பார்த்திருந்தான். அவள் தலையில் எத்தனை முழம் பூ என்பதுவரை அவனுக்கு அத்துப்படி. பரிசல்காரனைத் துருவித் துருவிக் கேட்டதில் ஒரு துப்பும் கிடைத்தது. மாசி அமாவாசையன்று உச்சி வேளையில் அவன் மனைவி பாவாத்தாள் தனியாக ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்திருக்கிறாள். கையில் சோறு கொண்டுபோகிற ஒரு தூக்குப்போசி இருந்திருக்கிறது. திரும்பும்போது வெறுங்கை.

"அந்தப் போசி இன்னமும் வீட்டுக்கு வரலீங்க. அவ அம்மா வீட்டுச் சீரு, பேர் வெட்டுனது. எங்கடின்னு கேட்டா, இருக்கற எடத்துல இருக்குதுங்கறா. என்னைப் பார்த்து! எவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாளோ!"

 அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமீ. நாளைக்கே அவளை வாசலுக்கு வெளிய நிறுத்திப்போடறேன்."

சாமியார் எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். திரும்பி வந்து அவன் முன்னால் ஒரு தூக்குப்போசியை வைத்தார். மூடியில் புள்ளி புள்ளியாகப் பாவாத்தாள் என்று பெயர் வெட்டியிருந்தது.

சென்னியப்பனுக்கு முதலில் என்ன நினைப்பு வந்தது என்பதைச் சொல்லவே கூசுகிறது. அவன் சாமியாரையே ஏற இறங்கப் பார்த்தான்.

"இது எப்படீங்க இங்க?"

"வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்துச்சு. பூசைன்னு காலையில இருந்து பட்டினி கிடப்பாருன்னு சொல்லுச்சு."

"யாருங்க?"

"நீதான்."



"நீங்க... என்னங்க சொன்னீங்க?"

"அமாவாசைக்கு அவன் இங்க வர்றதே இல்லைன்னேன். தண்ணி வாங்கிக் குடிச்சுது. கச்சாயத்தை இங்க இருக்கறவங்களுக்குக் கொடுக்கச் சொல்லுச்சு. போயிருச்சு. வேற ஒண்ணும் கேக்கலை."

அவன் மூடியில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்த வெயிலில் நடந்து வந்திருப்பாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"எடுத்துட்டுப் போ. எங்க இருந்துச்சுன்னு கேட்டா, சொல்லு."

"அவதான் எதையும் கேக்கறதில்லீங்களே, சாமீ."

சாமியார் மறுபடி உட்கார்ந்து கீரைக்கட்டைக் கையில் எடுத்தார்.

"கேக்கற வரைக்கும் வாசலுக்கு வெளிய நில்லு."