பசித்த முகம்

காசிமேட்டில் ஓர் அறக்கட்டளை நடத்திய மையத்தில் பிள்ளைகளுக்குக் காலையில் டாக்டர் வந்து எடை பார்ப்பார், மதியம் சோறு, சாயங்காலம் கேரம். சமைப்பவள் செல்லக்கிளி. அரிசி கொடுப்பவர் மண்டி முதலாளி ரத்தினசபாபதி.

ஒருநாள் பந்தி முடிந்த நேரத்தில் அவர் போட்டோகிராபரோடு வந்து இறங்கினார். வயிறு நிறைந்த பிள்ளைகள் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏம்மா, இந்தச் சிரிப்பைப் படம் புடிச்சு பேப்பர்ல போட்டா எவன் என்னை வள்ளல்னு சொல்லுவான்? பசியில வாடின முகம் வேணும். இல்லேன்னா இனிமே அரிசி கிடையாது!"

பிள்ளைகளை அழவைக்கச் செல்லக்கிளிக்கு மனமில்லை. அரிசியை விடவும் மனமில்லை.

"நீங்க சாப்ட்டீங்களா சார்?"

"எங்கே! காலையிலேர்ந்து ஊர்ஊரா விழா. பல்லுல பச்சத்தண்ணி படல."

"அப்ப உட்காருங்க. இங்க சாப்பிடாதவர் நீங்க ஒருத்தர்தான். கேட்ட முகம் கிடைச்சிருச்சு." இலையைப் போட்டு, சோறும் மீன்குழம்பும் பரிமாறிவிட்டுத் திரும்பினாள். "போட்டோக்காரரே, எடுங்க!"

மணம் மூக்கைத் துளைத்தது, முதலாளி உட்கார்ந்துவிட்டார். கேமரா உயர்ந்ததும் சட்டென்று முகத்தை மறைத்தார்.

"சாப்பிடறப்போ எடுக்காதப்பா, மானம் போகுது!"

"இந்தப் பிள்ளைங்களுக்கும் அது இருக்கு சார்," என்றாள் செல்லக்கிளி.

அவர் தலைகுனிந்து சாப்பிட்டார். இலை காலியாக, அவர் கேட்காமலே அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.